தொழுவத்துக்கு வந்த காடு

நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் ஓர் ஆண்டு மழையில் ஏறத்தாழ 80 சதவீதம், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நான்கு மாதமும் மலை முழுக்கப் புல்தான். வரப்பில் புல், ஓடைக்கரையில் புல், நடைபாதையின் இரண்டு பக்கமும் புல். அரிவாளோடு வெளியே போனால் அரை மணியில் ஒரு கூடை நிறையும். ஐப்பசி கழிந்ததும் நிலைமை தலைகீழ். புல் காய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். தொழுவத்தில் கட்டிக் கிடக்கும் எருமைக்கோ அந்த எட்டு மாதமும் பசி எடுக்கும். அது கறப்பதும் பெரும்பாலும் அந்தப் பஞ்ச காலத்தில்தான் வந்து விழும்.

வைக்கோல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நெல் வைக்கோல், மக்காச்சோளத் தட்டை, கேழ்வரகுத் தாள் எல்லாம் போர் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு இருந்தாலே அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உண்மையில் தீவனத்தைச் செரிக்கின்றன. அவை உயிரோடு பெருகி வேலை செய்ய, தீவனத்தில் ஏழு பங்காவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வயிறு நிறைய வைக்கோல் இருந்தும் மாடு இளைக்கும். தின்றது செரிக்காமல் கிடப்பதால் அடுத்த வாய் தின்னவும் பிடிக்காது. அந்த வைக்கோலோடு ஒரு கட்டுப் பச்சைத் தழையைக் கலந்து போட்டால் கதை மாறிவிடுகிறது. நல்ல தீவன மரத்து இலையில் புரதம் 12 முதல் 20 பங்கு வரை இருக்கும். தழையும் ஊட்டம் தருகிறது, வைக்கோலையும் செரிக்க வைக்கிறது.

மலைவாசிகள் ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருக்காமல் தலைமுறை தலைமுறையாகத் தழை ஒடித்துப் போட்டுத்தான் எருமை வளர்த்தார்கள். ஆனால் அந்தத் தழை எங்கிருந்து வருகிறது என்பது கடந்த அரை நூற்றாண்டில் அடியோடு மாறியிருக்கிறது. முன்பு மலை ஏறிக் காட்டுக்குப் போனார்கள். இப்போது பெரும்பங்கு தழை வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், சொந்த வயலின் படிச்சரிவில் நிற்கும் மரங்களிலிருந்து வருகிறது. அரசாங்கம் ஆணையிட்டு வந்த மாற்றம் அல்ல இது. எந்த மரத்தை எங்கே விட்டுவைப்பது என்று ஒவ்வொரு குடும்பமாக, பெரும்பாலும் மாட்டுக்குத் தீனி போடும் பெண்களின் கணக்குப்படி, மெல்ல மெல்ல நடந்த மாற்றம். அந்தக் கணக்கை மதித்துக் கேட்ட இடங்களில் மலை வேளாண்மை செழித்தது, கேட்காத இடங்களில் நல்ல திட்டங்களும் பட்டுப்போயின. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதுதான்.

கூடையும் நெற்றிப்பட்டையும்

நடுமலையில் இருவகை வயல்கள் உண்டு. தண்ணீர் பாயும் தாழ்வான படிகளில் நெல். அதற்கு மேலே, மழையை மட்டும் நம்பிய படிகளுக்கு ‘பாரி’ என்று பெயர். பாரியில் மக்காச்சோளம் விதைத்து, அது நிற்கும்போதே இடையில் கேழ்வரகு நாற்றை நடுவார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஆளுயரமோ அதற்கு மேலோ ஒரு செங்குத்துச் சரிவு இருக்கும். பயிர் செய்ய முடியாத அந்தச் சரிவிலும் அதன் விளிம்பிலும்தான் தீவன மரங்கள். வயலில் ஒரு சாண் கூட அவற்றுக்காகத் தனியே ஒதுக்கப்படவில்லை.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மூங்கிலில் பின்னிய, அடி குறுகி வாய் அகன்ற ‘டோக்கோ’ என்ற கூடை முதுகில். அதைத் தாங்கும் அகலமான பட்டை நெற்றியில். இடுப்பில் ஓர் அரிவாள். மரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுப் பெண் பழைய வெட்டுத் தழும்புகளையே படியாக மிதித்து ஏறுகிறாள். தாய்க்கிளையைத் தொடாமல் விரல் பருமனுள்ள கிளைகளை மட்டும், சாய்வாக ஒரே வெட்டில் கழிக்கிறாள். பிசிறு இல்லாமல் வெட்டினால்தான் தண்ணீர் தங்கி அழுகாது, அடுத்த ஆண்டு அதே கணுவில் தளிர் வரும். உச்சிக் கொழுந்தை விட்டுவிடுவாள். கீழே இறங்கி, கிளைகளைத் தண்டு உள்பக்கமும் இலை வெளிப்பக்கமுமாகக் கூடையில் அடுக்கி, மேலே குவித்துக் கயிறு போட்டு இறுக்கினால் 30 கிலோவுக்குக் குறையாது. உட்கார்ந்தபடியே பட்டையை நெற்றியில் மாட்டி, கையை முழங்காலில் ஊன்றி எழுந்து நடக்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் குவியல் தானாக நகர்வது போலத்தான் இருக்கும்.

அந்தத் தழை எருமைக்குள் போய்ச் சாணமாக வெளியே வரும். தின்னாமல் விட்ட குச்சி விறகாகும். சாணமும் காட்டிலிருந்து வாரிய சருகும் சேர்ந்து எருவாகி, அதே டோக்கோவில் ஏறி, அதே பாரிக்குப் போகும். பல கிராமங்களில் உரக்கடை நடை தூரத்தில் இல்லை. இருந்தாலும் மூட்டையைச் சுமந்து ஏற்ற வேண்டும். ஆக, எருமை என்பது பாலுக்கும் நெய்க்கும் மட்டும் அல்ல. மக்காச்சோளமும் கேழ்வரகும் விளைவதே அதன் பின்புறத்தை நம்பித்தான். மரத்தின் ஆழமான வேர் கீழ்மண்ணிலிருந்து இழுத்த சத்து, இலையாகி, சாணமாகி, மேல்மண்ணுக்கு வந்து சேருகிறது. மலையில் மண்ணை வாழவைக்கும் சுற்று இதுதான்.

அழியும் என்றார்கள், மரம் நட்டார்கள்

1957இல் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கியது. காட்டைக் காப்பாற்றுவதே நோக்கம். நடந்தது வேறு. மரம் நிற்கும் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற அச்சத்தில் பல இடங்களில் மக்களே மரத்தை வெட்டி, நிலத்தை வயல் என்று காட்டினார்கள். தங்கள் காடு என்ற எண்ணம் போனதும் காவலும் போனது. 1976இல் எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்க எழுத்தாளர் நிலச் சீரழிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இமயமலை மக்கள் விறகுக்கும் தழைக்கும் காட்டை அழிக்கிறார்கள், மண் அரித்து ஓடுகிறது, சமவெளியில் வெள்ளம் வருகிறது என்ற சித்திரம் உலகெங்கும் பரவியது. நன்கொடை நாடுகள் எல்லாம் அந்தப் படத்தைக் கண் முன்னே வைத்துக்கொண்டுதான் திட்டம் தீட்டின. மலைப்பெண்ணின் அரிவாள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

அந்தக் காலத்திலேயே அரிவாள்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரோ ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. காத்மாண்டுவுக்குக் கிழக்கே உள்ள சிந்துபால்சோக், காப்ரேபலாஞ்சோக் மாவட்டங்களில் ஆஸ்திரேலிய உதவியோடு நடந்த வனத் திட்டத்தில் பணியாற்றிய கார்ட்டர், கில்மர் இருவரும் அதைச் செய்தார்கள். 1964இல் எடுத்த வான்படங்களை வைத்து, மானாவாரி வயல்களில் அன்று எத்தனை மரம் நின்றது என்று கணக்கெடுத்தார்கள். 1988 நிலவரத்தோடு ஒப்பிட்டார்கள். ஹெக்டேருக்கு 65 மரம் இருந்த இடத்தில் 298 மரம் நின்றது. கால் நூற்றாண்டுக்குள் நான்கு மடங்குக்கு மேல். இமயமலை மொட்டையாகப் போகிறது என்று உலகம் பதறிய அதே ஆண்டுகளில், தங்கள் படிச்சரிவுகளில் மக்கள் சத்தமில்லாமல் ஒரு காட்டை வளர்த்திருந்தார்கள்.

ஏன் வளர்த்தார்கள்? காடு தூரமாகிக்கொண்டே போனது. வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதால் மாடு மேய்க்க ஆள் இல்லை. மாட்டை அவிழ்த்துவிடாமல் கட்டிப்போட்டு வளர்க்கும் பழக்கம் கூடியது. கட்டிப்போட்டால் தீவனத்தைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். கட்டிப்போட்டதால்தான் வரப்பில் தானாக முளைத்த மரக்கன்றும் கடிபடாமல் தப்பியது. பறவை எச்சத்தில் வந்து முளைத்த அத்தியைக் களையாகப் பிடுங்காமல் விட்டாலே போதும் என்ற நிலை. நட்டதைவிட, விட்டுவைத்ததே அதிகம்.

பிறகு 1993இல் வந்த வனச் சட்டம் ஊர்க் காடுகளை மக்கள் குழுக்களின் கையில் கொடுத்தது. இன்று அப்படி 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. காட்டைத் திரும்பப் பெற்ற குழுக்கள் முதலில் செய்தது பெரும்பாலும் ஒன்றுதான்: மேய்ச்சலுக்கும் தழை ஒடிப்பதற்கும் தடை போட்டு, காடு தேறும்வரை மூடிவைத்தார்கள். காடு தேறியது. ஆனால் சொந்த வயலில் மரம் இருந்தவருக்கு அந்தத் தடை வலிக்கவில்லை. அரைக் காணி கூட இல்லாத தலித் குடும்பத்துக்கு வலித்தது. அவர்கள் ஆட்டை விற்றார்கள். காடு மீண்ட கதையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தெரிந்த இலைகள்

நடுமலையில் தீவனமாகப் பயன்படும் மரங்களும் புதர்களும் நூற்றுக்கு மேல். நம் பலாவின் இனத்தைச் சேர்ந்த படஹர், வாசனை இலை கொண்ட குட்மிரோ, அத்தி வகைகளான நேபாரோ, கன்யூ, தூதிலோ, நமக்கு மந்தாரை என்று தெரிந்த மரத்தின் உறவுகளான கொய்ராலோ, டாங்கி. கொய்ராலோவின் இலை மாட்டுக்கு, மொட்டும் பூவும் மனிதர்களுக்கு ஊறுகாயாகவும் கறியாகவும். மேற்கே போனால் பீமல். அதன் இலையைத் தின்னக் கொடுத்துவிட்டு, உரித்த கிளையை ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் உத்தராகண்டிலும் இதே மரம், இதே கயிறு.

வெளியாட்கள் வெகுகாலம் இவற்றை மரத்தின் பெயராக மட்டும் பார்த்தார்கள். 1990களில் கிழக்கு நேபாளத்து தன்குட்டாவில் உள்ள பாக்ரிபாஸ் வேளாண் ஆய்வு மையமும் வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தாப்பா, சின்கிளேர், வாக்கர் ஆகியோரின் உழைப்பில் ஒரு வேலையை எடுத்துச் செய்தன. விவசாயிகள் இலைகளை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். இரண்டு அளவுகோல்கள் கிடைத்தன.

ஒன்று, ‘போசிலோ’ அளவு. ஊட்டமான இலை எது, ஊட்டம் குறைந்தது எது. ஊட்டமான இலை தின்றால் பால் கூடும், நெய் நிறையக் கட்டும், கன்று தேறும், தோல் மினுமினுக்கும். இரண்டாவது, ‘ஓபானோ – சிசோ’ என்ற அளவு. காய்ந்த, சூடான தன்மையுள்ள இலை ஒரு முனை. ஈரமான, குளிர்ந்த தன்மையுள்ள இலை மறுமுனை. முதல் வகையைத் தின்ற மாடு கெட்டியாகச் சாணம் போடும், வயிறு நிறைந்து படுக்கும், குளிர்காலத்துக்கு ஏற்றது. இரண்டாவது வகை கழிச்சலாக்கும். வெயில் காலத்தில் கொடுக்கலாம், தை மாதக் குளிரில் கொடுத்தால் மாடு முகம் திருப்பும். நம் ஊரில் உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி என்று பாட்டிமார் பிரித்துச் சோறு போடுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

வியப்பு அடுத்து வந்தது. விவசாயிகள் தந்த வரிசையையும் அதே இலைகளின் ஆய்வுக்கூட முடிவுகளையும் பக்கத்தில் வைத்தார்கள். வெறும் புரத அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. துவர்ப்புப் பொருளான டானின் சில இலைகளில் புரதத்தைக் கட்டிப் பிடித்துவிடும். காகிதத்தில் புரதம் இருக்கும், மாட்டுக்குக் கிடைக்காது. உண்மையில் குடலுக்குப் போய்ச் சேரும் புரதம் எவ்வளவு என்று கணித்துப் பார்த்தபோது போசிலோ வரிசை ஒத்துப்போனது. ஓபானோ – சிசோ அளவோ, இலை எவ்வளவு எளிதில் செரிக்கிறது என்பதோடு பொருந்தியது. சாணத்தையும் பால்செம்பையும் தினமும் பார்த்தே, விஞ்ஞானம் இரண்டு தனித்தனிச் சோதனைகளில் கண்டதை அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். வெறும் புரத எண்ணை வைத்து, இந்த மரம் சிறந்தது என்று நாற்று விநியோகித்த அதிகாரிகளிடம் விவசாயிகள் ஏன் ஆர்வம் காட்டவில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

இன்னொரு பாடம் மழைத்துளியில் கிடைத்தது. மரம் நட்டால் மண்ணரிப்பு குறையும் என்பது பொதுவாக எல்லோரும் சொல்வது. மலை விவசாயிகள் அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. இலையில் தேங்கிச் சொட்டும் நீருக்கு அவர்கள் ‘தப்கான்’ என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். நேபாரோ போன்ற அகல இலை மரத்தில் மழைநீர் திரண்டு பெரிய பெரிய சொட்டாக விழும். அடியில் மண் குழிபறிந்து தெறிக்கும், இளம் கேழ்வரகு நாற்று சாய்ந்துவிடும். சிற்றிலை மரத்தில் துளி சிதறிப் பொடியாக விழும், பயிருக்குத் தாங்கும். உயரமான மரமானால் சொட்டு வேகம் பிடித்து இன்னும் பலமாக அடிக்கும். ஆகவே அகல இலைக்காரரைப் பயிருக்கு மேல் நிற்கவிடாமல் ஓடை ஓரத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் தள்ளிவிட்டு, சிற்றிலை மரங்களைப் பாரியின் விளிம்பில் வைத்தார்கள். இதுவும் பொய்யில்லை. இலையில் திரண்டு விழும் துளி திறந்தவெளி மழைத்துளியைவிடப் பெரிதாகி, மண்ணை இன்னும் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதை மண்ணியல் அளவீடுகளும் காட்டியிருக்கின்றன. அடியில் சருகு மூடியிருந்தால் அடி தாங்கும். வயலில் சருகை விட்டுவைப்பதில்லையே.

கிளை கழிக்கும் காலமும் இந்தக் கணக்கோடு பிணைந்தது. மார்கழி முதல் பங்குனி வரை தழைக்குத் தட்டுப்பாடு, அப்போது கழிக்கிறார்கள். மக்காச்சோளம் விதைக்கும் நாளில் மரம் மொட்டையாக நிற்கும். முளைக்கும் பயிருக்கு நிழல் இல்லை, சொட்டும் இல்லை. மழையில் மரம் மறுபடி தழைக்கும்போது பயிர் தலைதூக்கியிருக்கும். தீவனத்துக்காகச் செய்யும் வேலையே பயிருக்கும் வழிவிடுகிறது.

அயலிலிருந்து வந்த மரம்

நமக்குச் சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் பழக்கமான மரத்தை நேபாளத்தில் பிலிப்பைன்ஸ் பெயரான ‘இப்பில் இப்பில்’ என்றே அழைக்கிறார்கள். 1970, 80களில் அது அதிசய மரமாக உலகம் சுற்றியது. வேகமாக வளரும், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும், இலையில் புரதம் ஏராளம். பிலிப்பைன்ஸின் மின்டனாவ் தீவில், பன்சாலான் என்ற ஊருக்கு அருகே, ஹரால்ட் வாட்சன் என்ற அமெரிக்க பாதிரியாரும் அவருடைய உள்ளூர் சகாக்களும் அதை வைத்து ஒரு சரிவுநில வேளாண் முறையை உருவாக்கினார்கள். ‘சால்ட்’ என்ற அந்த முறைக்காக 1985இல் வாட்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

முறை எளிது. இரண்டு நீண்ட மூங்கில்களைக் கூரை முகடு போல மேலே சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு ஒன்று வைத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். இரண்டு காலும் சம உயரத்தில் நின்றால் நூல் குறுக்குக் கம்பின் நடுக்குறியைத் தொடும். அதை ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பி வைத்துக்கொண்டே போனால், மலைச்சரிவில் சம உயரக் கோடு கிடைத்துவிடும். படித்திருக்க வேண்டாம், கருவி வாங்க வேண்டாம். அந்தக் கோட்டில் விதையை நெருக்கமாக இரட்டை வரிசையில் ஊன்றி வேலியாக்குவார்கள். நான்கைந்து மீட்டருக்கு ஒரு வேலி. இடையில் பயிர். வேலியை அவ்வப்போது இடுப்பளவுக்கு வெட்டித் தழையைப் பயிருக்கு உரமாகப் போடுவார்கள். மழையில் இறங்கும் மண் வேலியடியில் தங்கித் தங்கிச் சில ஆண்டுகளில் படிக்கட்டு தானே உருவாகும். இரண்டாம் வடிவத்தில் ஆடு சேர்ந்தது. நிலத்தில் 40 பங்கு பயிர், 40 பங்கு ஆட்டுத் தீவனம், 20 பங்கு மரம். வெட்டிய தழை ஆட்டுப் பரணுக்குப் போய், புழுக்கையாகத் திரும்பி வந்தது.

அதே 1985 வாக்கில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பசிபிக் தீவுகளைத் தாண்டி வந்த அந்தச் சூபாபுல் தத்துப்பூச்சி, கொழுந்துகளில் அடை அடையாக மொய்த்துச் சாற்றை உறிஞ்சியது. சில ஆண்டுகளில் ஆசியா முழுக்க மரங்கள் மொட்டையாயின. ஒற்றை மரத்தை நம்பி மலைச்சரிவு முழுக்க நட்டவர்கள் தவித்தார்கள். பிலிப்பைன்ஸ் குழு பாடம் கற்று, பிளெமிஞ்சியா, கிளிரிசிடியா, ரென்சோனி என்று பல வகைகளைக் கலந்து நடத் தொடங்கியது. நேபாளத்திலும் ஆர்வத்தோடு நட்ட இப்பில் இப்பில் துவண்டது. படஹரும் குட்மிரோவும் எப்போதும் போல நின்றன. நூறு வகை இலை என்பது பழமைப் பற்று அல்ல, காப்பீடு என்பதை அந்தப் பூச்சி காட்டிக்கொடுத்தது.

சூபாபுலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு, அளவு மீறினால் மாட்டுக்கு முடியை உதிர்க்கும், தைராய்டைக் கெடுக்கும். ஹவாய்த் தீவிலோ ஆடுகள் அதையே தின்று கொழுத்தன. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் அந்த ஆடுகளின் வயிற்றில் நச்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டு, அதைத் தன் நாட்டு மாடுகளுக்கு மாற்றிக் காட்டினார். பின்னாளில் அந்த நுண்ணுயிரின் அறிவியல் பெயரில் அவர் பெயரையே சேர்த்தார்கள். மரம் மட்டும் பயணம் செய்தால் போதாது, அதைச் செரிக்கும் வயிறும் கூடவே வர வேண்டியிருந்தது.

சால்ட் முறையை இமயத்திலும் சோதித்தார்கள். காத்மாண்டுவுக்குத் தெற்கே கோதாவரியில், மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையமான ஈசிமோட் 1993 முதல் நடத்தும் செயல்விளக்கப் பண்ணையில் வேலிச்சரிவுகளைப் பார்க்கலாம். மண் தங்குகிறது, தழை கிடைக்கிறது. இருந்தும் ஊர் ஊராக அது பரவிவிடவில்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பிலிப்பைன்ஸில் வெறும் சரிவாகக் கிடந்த நிலத்துக்கு அது மருந்து. நேபாளத்தில் பாட்டன் காலத்திலேயே படி வெட்டியாகிவிட்டது. வேலி போட்டால் இருக்கிற துண்டு வயலில் ஒரு பங்கு போகும், வெட்டிக்கொண்டே இருக்க ஆளும் வேண்டும். படிச்சரிவு மரம் வயலைக் கேட்பதில்லை. ஆனால் புதிதாகத் திருத்தும் சரிவுக்கும் தரிசாகிவிட்ட மேட்டுக்கும் வேலி முறை இன்றைக்கும் பொருந்தும்.

உடம்பின் கணக்கு

தீவனம் பற்றிய அறிக்கைகளில் டன் கணக்கு இருக்கும், ஹெக்டேர் கணக்கு இருக்கும். உடம்பின் கணக்கு அரிதாகத்தான் இருக்கும். நேபாளத்தில் முதுகுத்தண்டு முறிந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள், அவர்களில் தழை ஒடிக்க மரம் ஏறியவர்கள் கணிசம். பனி படிந்த காலையில் கிளை வழுக்கும். ஒரு நொடி போதும், வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி. அந்த நாற்காலியும் படிக்கட்டு வயலுக்கு நடுவே இருக்கும் வீட்டுக்குள் உருளாது.

பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே டோக்கோ தூக்கும் பெண்களுக்குக் கருப்பை இறங்கிவிடுவது அந்நாட்டின் நெடுநாள் துயரம். 2008இல் நேபாள உச்ச நீதிமன்றமே அதை இனப்பெருக்க உரிமை மீறல் என்று கூறி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மரத்தை வீட்டருகே கொண்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். ஆனால் பேறுகாலத்தில் சுமையை வேறொருவர் தூக்காதவரை எந்த மரமும் அவளைக் காப்பாற்றாது. வேளாண் விரிவாக்கக்காரர்கள் இதைச் சுகாதாரத் துறையின் வேலை என்று ஒதுக்குவது தவறு. தழையின் எடை அவர்கள் திட்டத்தின் பகுதிதான்.

முன்பு பல சமூகங்களில் பெரிய மரத்தில் ஏறிக் கழிப்பது ஆணின் வேலை, பொறுக்கிக் கட்டிச் சுமப்பது பெண்ணின் வேலை. இன்று அந்த ஆண் கத்தாரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். நாட்டின் மொத்த உற்பத்தியில் கால்வாசி அளவுக்கு அவர்கள் அனுப்பும் பணம். வீட்டில் இருப்பவள் தானே ஏறுகிறாள், அல்லது எருமையை விற்றுவிட்டு இரண்டு ஆடு வாங்கிக்கொள்கிறாள். ஆட்டுக்குத் தழை குறைவாகப் போதும், தசைன் பண்டிகைக்கு நல்ல விலை போகும். மேட்டுப் பாரிகள் பல தரிசாகி, புதர் மண்டி, குரங்கும் சிறுத்தையும் வீடுவரை வருகின்றன. ஒரு காலத்தில் தழைக்குப் போட்டி இருந்த மரங்கள் இன்று கழிப்பார் இல்லாமல் உயர்ந்து, பக்கத்து வயலுக்கு நிழலும் சொட்டும் தருகின்றன.

இந்த நிலையில் செய்யக்கூடியது என்ன? சிலர் படிச்சரிவில் ‘அம்ரிசோ’ புல்லை நடுகிறார்கள். வேர் அடர்ந்து பின்னிச் சரிவைச் சரியவிடாமல் பிடிக்கும். இலை மாட்டுக்கு. பூங்கதிர் துடைப்பத்துக்கு. நம் வீட்டு மூலையில் இருக்கும் பூந்துடைப்பம் இந்தப் புல்லின் கதிர்தான். ஒரு முறை நட்டால் பல ஆண்டு வெட்டலாம், மரம் ஏற வேண்டியதில்லை, கதிருக்குக் கையில் காசு. நேப்பியர் புல்லும் சரிவுகளில் ஏறியிருக்கிறது. ஆனால் புல் எதுவும் மாசி, பங்குனி வறட்சியில் படஹரைப் போலப் பச்சையாக நிற்காது. மரத்தை விட முடியாது.

எனக்கு மிக நம்பிக்கை தருவது மரத்தைக் குட்டையாக வளர்க்கும் வழக்கம்தான். கன்று தோளுயரம் வந்ததும் தலையை வெட்டி, ஆண்டுதோறும் அதே இடத்தில் கழித்தால், கீழே நின்றபடியே தழை எடுக்கலாம். முசுக்கொட்டையும் குட்மிரோவும் இதற்கு இணங்குகின்றன. ஏறி விழும் ஆபத்து இல்லை. சொட்டு தாழ்வாக விழுவதால் மண்ணுக்கு அடி குறைவு. நிழலும் குறுகும். ஏற்கெனவே உயர்ந்துவிட்ட மரங்களுக்கு, நம் ஊர் ஆட்டுக்காரர்கள் தோளில் சாய்த்துக்கொண்டு போகும் தொரட்டி போல நீண்ட கழியில் கட்டிய அரிவாள் போதும். இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை. நாற்றுப் பண்ணைகள் ஆண்களின் பெயரில் பட்டியல் எழுதுவதை நிறுத்தி, தீனி போடுகிறவளிடம் எந்த மரம் வேண்டும் என்று கேட்டுக் கன்று கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. நிலப் பத்திரத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணச் சலுகை தருகிறது நேபாள அரசு. பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை நட அந்தப் பத்திரம் பெரிய தைரியம்.

ஏனென்றால் நல்ல மரங்கள் அவசரப்படுவதில்லை. படஹர் பழம் மழைக்காலத்தில் பழுக்கும். விதையை எடுத்து ஓரிரு வாரத்துக்குள் மண்ணில் போடாவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும், மூட்டை கட்டி அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாது. முளைத்த கன்றை ஆட்டு வாயிலிருந்து மூன்று நான்கு ஆண்டு காக்க வேண்டும். கழிக்கும் பருவம் வர எட்டு, பத்து ஆண்டு. அத்தியும் கல்யாண முருங்கையும் போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் தழை தரும். அனுபவப்பட்டவர்கள் ஒரே சரிவில் இரண்டையும் கலந்து நடுகிறார்கள்: அடுத்த சில ஆண்டுக்குப் போத்து, மகளின் காலத்துக்குப் படஹர்.